சாண்ட்விச் கடையில் வினாவும் விடையும்: ஒரு நன்னூல் நோக்கு

அமெரிக்காவுக்குப் போகும் தமிழர் முதலில் தடுமாறும் இடம் குடியேற்ற அதிகாரியின் மேசை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கேட்பது நாலைந்து கேள்வி. எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய். பதில்களை மகனோ மகளோ ஊரிலிருக்கும்போதே போனில் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கவும் வைத்திருப்பார்கள். உண்மையான சோதனை நடப்பது சாண்ட்விச் கடையில். டோஃபல் தேர்வில் 120-க்கு 110 வாங்கியவர்கள்கூட அங்கே வாய் உலர்ந்து நிற்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் உச்சரிப்பு. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நாம் ‘வாட்டர்’ என்று அழுத்திக் கேட்டால் அவர்கள் விழிப்பார்கள். ‘வாரர்’ என்று வழித்துவிட்டால் தண்ணீர் வரும். ஆனால் தண்ணீர் கிடைத்த பிறகும் சாண்ட்விச் கிடைப்பதில்லை. ஆகவே கோளாறு நாக்கில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நம் ஊர் ஓட்டலில் முதலில் பேசுபவர் சாப்பிட வந்தவர். உட்கார்ந்ததும் “என்ன இருக்கு?” என்பார். எதிரே சுவரில் பலகை தொங்கும், மேசையில் கார்டு கிடக்கும், இருந்தாலும் கேட்பார். சர்வர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். முழுக்கக் கேட்டுவிட்டு “ரெண்டு இட்லி” என்பார் வந்தவர். அதன் பிறகு யாரும் கேட்காமலே ஆணைகள் பிறக்கும்: ரோஸ்ட் முறுகலா, எண்ணெய் கம்மியா, காபி ஸ்ட்ராங்கா, சர்க்கரை தூக்கலா. ராத்திரி பரோட்டாக் கடையில் நிற்பவருக்கு முட்டையில் மட்டும் ஆஃப்பாயில், ஃபுல்பாயில், ஒன்சைடு, கலக்கி, பொடிமாஸ் என்று இத்தனை பேதம் தெரியும். தமிழருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

எதையும் தேர்ந்தெடுக்க விரும்பாதவருக்கும் நம் ஓட்டலில் ஒரு புகலிடம் உண்டு. அதன் பெயர் சாதா. சாதா தோசை, சாதா ஊத்தப்பம், சாதா மீல்ஸ். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது.

அமெரிக்க சாண்ட்விச் கடையில் சாதா இல்லை. நம்மவர் படும் அத்தனை பாடும் இந்த ஓர் இன்மையிலிருந்து கிளைத்தது என்று நிறுவலாம்.

நிறுவுவதற்குக் கருவி வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கிணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா ஆகியவை வினாக்கள். விடைகளில் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் செவ்வன் இறை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் மறைமுகம். பள்ளியில் ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பகுப்புக்கு இப்படியொரு பயன் இருப்பதை எந்தத் தமிழாசிரியரும் சொல்லித்தரவில்லை.

களம், நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன் பக்கத்து ஒரு சாண்ட்விச் கடை. (இந்தத் தொழிலின் பெருவளர்ச்சிக்கு வித்திட்ட சப்வே, 1965-ல் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் ஃப்ரெட் டிலூகா என்ற 17 வயதுப் பையன், பீட்டர் பக் கொடுத்த 1000 டாலரை வைத்துத் தொடங்கியது. நாம் பார்க்கும் கடை எது என்பது ஆய்வுக்குத் தேவையற்றது.) நேரம், மதியம் சரியாகப் பன்னிரண்டரை. ஆய்வுக்குக் கிடைத்த மாதிரி, தென்காசிப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் பிரசவத்துக்கு வந்தவர். நன்னூலையும் ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணத்தையும் கரைத்துக் குடித்தவர். மாப்பிள்ளை காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

“குட் ஆஃப்டர்நூன். ஐ வுட் லைக் டு ஹேவ் எ வெஜிடபிள் சாண்ட்விச், ப்ளீஸ்” என்றார். பிழையே இல்லாத வாக்கியம்.

“சிக்ஸ் இஞ்ச் ஆர் ஃபுட்லாங்?”

“யெஸ்.”

இலக்கணப்படி இது நேர்விடை, உடன்பாட்டு விடை. ஆனால் கேட்கப்பட்டது ஐயவினா. பாம்போ கயிறோ என்று கேட்டவனிடம் ‘ஆமாம்’ என்றால் அவன் எங்கே காலை வைப்பான்? கேள்வி கேட்ட கடை ஊழியப் பெண் கத்தியை ரொட்டிக்கு மேலே பிடித்தபடி நின்றாள். பிறகு அவளே சிறியது என்று முடிவுகட்டி அடுத்ததற்குப் போனாள்: என்ன ரொட்டி?

“நார்மல்.”

நிற்க. இந்த விடை எட்டில் எதிலும் அடங்காது. சுட்டவில்லை, மறுக்கவில்லை, உடன்படவில்லை, எதிர்க்கேள்வி கேட்கவில்லை. சாதா என்பதன் ஆங்கில அவதாரம் இது. சாதா இல்லாத ஊரில் சாதாவைக் கேட்கும் இந்த விடையை ஒன்பதாவது வகையாகச் சேர்த்துக்கொள்ளும்படி இலக்கண உலகை இக்கட்டுரை பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

“என்ன மாமா, சொல்லிட்டீங்களா?”

“ரொட்டி என்ன ரகம்னு அந்தப் பொண்ணு கேக்குது மாப்ள. ரொட்டியில என்ன ரகம்? அதுக்கு எது சௌகரியமோ அதையே போடச் சொல்லுங்க.”

இது ஏவல்விடை. நம் ஊரில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு; ‘உங்க இஷ்டம்’ என்று விட்டுவிட்டால் சரக்கு மாஸ்டர் தன் கைவண்ணத்தைக் காட்டுவார். அங்கே செல்லாது. வாடிக்கையாளரின் ரொட்டியைத் தான் தேர்ந்தெடுப்பதை அந்தப் பெண் தன் வேலையாகவே நினைக்கவில்லை. மாப்பிள்ளை “வீட்” என்று சொல்லி மீட்டார்.

அடுத்து சீஸ். “ஐ ஆம் எ வெஜிடேரியன்” என்றார் தலைமையாசிரியர். உற்றது உரைத்தல். சாஸ் என்ன என்றதற்கு “இட் வில் பி வெரி ஸ்பைஸி” என்றார். உறுவது கூறல். காரம் தின்று வளர்ந்தவர் இதைச் சொன்னது வேறு விஷயம். இத்தனைக்கும் அவர் சொன்ன எதுவும் ஆங்கிலப் பிழை அல்ல. செவ்வன் இறை மட்டுமே செல்லுபடியாகும் இடத்தில் மறைமுக விடைகளை இறக்கியதுதான் சிக்கல். பேச்சில் நாகரிகம் என்று நாம் பழகியிருப்பது அந்த ஐந்தைத்தான்.

காய்கறிப் பகுதியில் அவர் சுட்டு விடைக்கு மாறினார். அறிவுள்ள முடிவு; ஆனால் நடுவே சாய்வான கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. இவர் விரல் வெள்ளரிக்காயைக் குறிபார்க்க, அந்தப் பக்கமிருந்து பார்த்தவளுக்கு அது அடுத்த கிண்ணத்து ஹாலபீனியோ மிளகாயாகத் தெரிந்தது. “திஸ் ஒன்” என்றார். அவருக்கு அண்மைச்சுட்டு, அவளுக்கு எதிர்ப்பக்கத்துச் சேய்மை. மிளகாய் தாராளமாக விழுந்தது. உறுவது கூறியது பலித்தது.

இதையெல்லாம்விட ஆபத்தான விடை வினா எதிர் வினாதல். “வாட் ஆல் யூ ஹேவ்?” என்று கேட்டுவிட்டால் முடிந்தது. மேசை போட்டுப் பரிமாறும் உணவகத்தில் சாலட்டுக்கு டிரெஸ்ஸிங் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ராஞ்ச், இத்தாலியன், தௌசண்ட் ஐலண்ட், ப்ளூ சீஸ், ஹனி மஸ்டர்ட், பால்சமிக் என்று நம் ஊர் சர்வர் தோற்கும் வேகத்தில் வரும். ஒரே வித்தியாசம், நம் சர்வர் சொன்ன பொங்கலை நமக்கு ஏற்கெனவே தெரியும். ராஞ்ச் என்பது 1950-களில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே ஸ்டீவ் ஹென்சன் என்பவர் தம் பண்ணைக்கு வந்த விருந்தாளிகளுக்குப் பரிமாறிய மோர்க் கலவை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் தயிர்ப்பச்சடிக்குப் பழகிய நாக்கு அஞ்சியிருக்காது. ஒன்றும் புரியாத நிலையில் நம்மவர் “கெட்சப்” என்கிறார். இனமொழி விடை.

அந்த சாலட்டே ஒரு புணர்ச்சிப் பிரச்சினையிலிருந்து பிறந்ததாக இருக்கலாம். சூப் வேண்டுமா சாலட் வேண்டுமா என்று கேட்பதை அவர்கள் ஒரே மூச்சில் சொன்னால் காதில் விழுவது ‘சூப்பர் சாலட்’. சூப்பர் என்ற சொல்லுக்குத் தமிழர் மறுப்புச் சொன்னதாக வரலாறு இல்லை. “யெஸ், யெஸ்” என்பார். பரிமாறும் பெண் மறுபடி அதையே கேட்பாள். இவர் மறுபடி மகிழ்ந்து தலையாட்டுவார். தலையாட்டலையும் அவர்கள் மறுப்பு என்றே படிக்கக்கூடும்.

இனி, சிரிக்க முடியாத பகுதி. சைவர்களின் கேள்வி. இங்கே வினா தவறினால் சாப்பாடே தவறிவிடும். சீசர் சாலட் பெயரில் கீரையும் ரொட்டித் துண்டும்தான் கண்ணுக்குத் தெரியும். டிரெஸ்ஸிங்கில் பெரும்பாலும் நெத்திலி இனத்து மீன் கரைந்திருக்கும். காய்கறி சூப் கோழிச்சாற்றில் கொதித்திருக்கலாம். மெக்சிகன் கடையின் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே உருளைக்கிழங்கு வறுவல். மெக்டொனால்ட்ஸ் 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தது. எண்ணெய் தாவர எண்ணெயா என்று கேட்டவருக்கு ‘ஆமாம்’ என்ற நேர்விடை கிடைத்தது. அது பொய்யும் இல்லை. வறுவலில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சேர்வதைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 2001-ல் சியாட்டிலில் வழக்குப் பதிவானது. 2002-ல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கோரி, சைவ, இந்து மற்றும் பிற அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. உண்மையான விடை வேறு, முழுமையான விடை வேறு. பவணந்தியார் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நூற்பா ஒதுக்கியிருக்கலாம்.

காரிலிருந்தபடி வாங்கும் முறையைத் தனியே ஆராய வேண்டும். 1948-ல் கலிஃபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் ஹாரி ஸ்னைடர் தம் இன்-என்-அவுட் கடையில் இருவழி ஒலிபெருக்கியைப் பொருத்தினார். நம்மவர் கோணத்தில் அது சுட்டு விடையைப் பறித்த நாள். விரலுக்கு வேலையில்லை, முகம் தெரியாது, இரைச்சலுக்கு நடுவே பெட்டி கேட்கும், பெட்டியிடம் சொல்ல வேண்டும். இந்தக் கொடுமைக்கு மாற்றாக வந்தவை எண்ணிட்ட காம்போ உணவுகள். ‘நம்பர் த்ரீ’ என்றால் போதும், ரொட்டியும் வறுவலும் பானமும் ஒன்றாக வரும். உற்றுப் பார்த்தால் அதுதான் சாதா. சாதாவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், பெயர்தான் வைக்கவில்லை. ஆனாலும் பானம் என்ன என்று ஒரு கேள்வியை மிச்சம் வைத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்து கார்டை நீட்டும்போது ஊழியர் திரையை நம் பக்கம் திருப்பிவைக்கிறார். 18, 20, 25 சதவீதம் என்று கட்டங்கள். வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. வடிவத்தில் வினா, பொருளில் ஆணை. ஏவல்வினாவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பாடநூலில் கிடையாது. மேசையில் பரிமாறுகிறவர்களுக்கு டிப்ஸ் கொடுக்க முகம் சுளிக்க வேண்டாம். டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கு மத்தியச் சட்டப்படி கட்டாயமான குறைந்தபட்ச நேரடிக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிடக் கூட்டி நிர்ணயித்திருக்கின்றன. மிச்சம் நாம் தருவதில்தான் வரவேண்டும்.

இப்போது பல கடைகளில் தொடுதிரை வந்துவிட்டது. படத்தைத் தொட்டால் போதும். சுட்டு விடை மீண்டும் அரியணை ஏறியிருக்கிறது. கண்ணாடித் தடுப்பும் இல்லை. திரையும் ரொட்டி, சீஸ், சாஸ் என்று அதே கேள்விகளைத்தான் கேட்கிறது. ஆனால் அது பெருமூச்சு விடுவதில்லை, ‘பார்டன்?’ என்பதில்லை. தலைமையாசிரியர் திரையில் நிதானமாக எல்லாவற்றையும் படித்து, வேண்டாத மிளகாயை நீக்கி, பிசகில்லாமல் ஒரு சாண்ட்விச் வாங்கிவிட்டார் என்று மாப்பிள்ளை வாயிலாகத் தெரிகிறது. நன்னூல் முழுதும் அறிந்தவருக்கு இலக்கணம் போதாமல் இருந்ததில்லை. பின்னால் நின்ற ஆறேழு பேர்தான் போதாமல் செய்தார்கள்.

ஆகவே திரை இல்லாத கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதியம் பன்னிரண்டரைக்குப் போகாதீர்கள். மூன்று மணிக்குப் போங்கள். பின்னால் ஆள் இருக்காது, அந்தப் பெண்ணுக்கும் அவசரம் இருக்காது, எட்டு வகை விடையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம்.