2047 வரை பொறுத்தருள்க: கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஒரு பகிரங்க மனு

நாள்: நவம்பர் 2025.

பெறுநர்: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், துவாரகா, புது தில்லி.

பொருள்: டாக்காவில் 18.11.2025 அன்று ஈட்டப்பட்ட 0–1 தோல்விக்கு ரசிகர்களின் பாராட்டைத் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: சம்மேளனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ‘விஷன் 2047’ ஆவணம்.

ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நவம்பர் 18 இரவு டாக்கா தேசிய மைதானத்தில் இந்தியா வங்கதேசத்திடம் 0–1 என்று தோற்றது. 11ஆம் நிமிடத்தில் ராகிப் ஹொசைன் ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு வந்து உள்ளே தள்ளினார். ஷேக் மொர்சலின் அதை வலைக்குள் தட்டிவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய 80 நிமிடம் பாக்கியிருந்தது. அவ்வளவு நேரத்தில் இந்தியாவால் ஒரு கோல் திருப்ப முடியவில்லை. இந்தியாவின் சாங்டே அடித்த ஒரு பந்து மட்டும் உள்ளே போயிருக்க வேண்டியது; வங்கதேசத்தின் ஹம்சா சௌத்ரி குறுக்கே புகுந்து தலையால் முட்டி வெளியேற்றினார். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு அணிகளுக்கும் ஆசியக் கோப்பை வாய்ப்பு முடிந்துபோயிருந்தது. ஆகவே அன்று களத்தில் மிச்சமிருந்த ஒரே பரிசு மானம். அதை வங்கதேசம் எடுத்துக்கொண்டது. தரவரிசையில் 183ஆம் இடத்திலிருந்த அணி 136ஆம் இடத்து அணியை வீழ்த்தியதற்காக அந்நாட்டு விளையாட்டுத் துறை தன் வீரர்களுக்கு 2 கோடி டாக்கா பரிசு அறிவித்தது.

இதை அவமானம் என்று சொல்பவர்களுக்குக் கணக்குத் தெரியாது. இந்தியா இதற்கு முன் வங்கதேசத்திடம் தோற்றது 2003 ஜனவரியில், தெற்காசியக் கோப்பை அரையிறுதியில், இதே டாக்காவில், ஒரு கோல்டன் கோலில். அன்றிலிருந்து இன்றுவரை 22 ஆண்டு. இன்றிலிருந்து 2047 வரையிலும் அதே 22 ஆண்டு. ஆக, சம்மேளனம் அணியை மிகச் சரியாக நடுவழியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இத்தனை துல்லியம் ரயில்வே கால அட்டவணையில்கூடக் கிடையாது.

2047 பற்றித் தெரியாதவர்கள் இருக்கக்கூடும். நாட்டின் சுதந்திர நூற்றாண்டு வரும்போது இந்தியா ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக இருக்கும் என்பது சம்மேளனத்தின் ஆவணம் தரும் வாக்குறுதி. இந்த ஆவணத்தின் பெருஞ்சிறப்பு, எந்தத் தோல்வியாலும் இதைப் பொய்யாக்க முடியாது என்பது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் அணி ஊர் திரும்பியது. 2047க்கு 23 ஆண்டு இருந்ததால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1–2. அப்போதும் 23 ஆண்டு அப்படியே இருந்தது. பின்பக்கம் திரும்பினாலும் பெருமைக்குக் குறைவில்லை: 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். பழம்பெருமை 1962இல் முடிகிறது, வருங்காலம் 2047இல் தொடங்குகிறது. இடையிலுள்ள 85 ஆண்டு மட்டும் ரசிகர்களின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

தற்போதைய தகுதிச்சுற்றின் வரலாறு சுருக்கமானது. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0–0. ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகியிருந்த சுனில் சேத்ரியைத் திரும்ப அழைத்துவந்து ஆடவைத்த ஆட்டம் அது. ஜூன் 10 அன்று ஹாங்காங்கில் கூடுதல் நேரத்துப் பெனால்டியில் 0–1. அக்டோபரில் சிங்கப்பூருக்குப் போய், கடைசி நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலில் 1–1. ஐந்து நாள் கழித்து அதே சிங்கப்பூர் கோவாவுக்கு வந்தது. சாங்டே முதலில் கோல் அடித்தார், சோங் உய்-யோங் இரண்டு அடித்தார், கதை முடிந்தது. பிறகு டாக்கா. ஐந்து ஆட்டம், இரண்டு கோல், இரண்டு புள்ளி, பட்டியலில் கடைசி இடம். 2027இல் சவூதி அரேபியாவில் நடக்கும் ஆசியக் கோப்பையில் 24 அணிகள் ஆடும். அந்த 24இல் இடம் பிடிக்க முடியாத அணிதான் 2047இல் முதல் நான்கில் நிற்கப்போகிறது.

இதே ஹாங்காங்கை இந்தியா 2022 ஜூனில் கொல்கத்தாவில் 4–0 என்று வென்றது. மூன்று ஆண்டில் என்ன மாறிவிட்டது என்று ஆராய்பவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 2022 தகுதிச்சுற்றின்போது அணிக்கு ஊக்கம் தர ஜோதிட நிறுவனம் ஒன்று 16 லட்ச ரூபாய்க்கு அமர்த்தப்பட்டதாக அப்போது பத்திரிகைகளில் வந்தது. அந்த முறை அணி தகுதி பெற்றது. இந்த முறை ஜோதிடர் பற்றிய செய்தி எதுவும் இல்லை. அணியும் தகுதி பெறவில்லை. சிக்கன நடவடிக்கை எங்கே கைவைக்கக் கூடாதோ அங்கே கைவைத்துவிட்டது போலும். 2047க்கு எந்த லக்னம் தோதானது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சியாளர் நியமனத்திலும் சம்மேளனத்தின் தாராள மனம் வெளிப்பட்டது. இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் ஒரே நேரத்தில் எஃப்.சி. கோவாவுக்கும் பயிற்சியாளராக இருக்க அனுமதிக்கப்பட்டார். தேசிய அணி என்பது பகுதிநேர வேலை என்பதை இத்தனை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நாடுகள் குறைவு. எட்டு ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த வெற்றி ஒன்று, அதுவும் மாலத்தீவுடன். அவர் போன பிறகு வந்த 170 விண்ணப்பங்களில் பார்சிலோனாவின் சாவி ஹெர்னாண்டஸ் பெயரும் இருந்தது. அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் விண்ணப்பம் தள்ளப்பட்டதாகவும் செய்தி வந்தது. உலகமே ஒரு நாள் இந்தியக் கால்பந்தைப் பற்றிப் பேசியது. அடுத்த நாள், சாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே அறிவித்தது. சாவி பெயரில் எழுதியது தான்தான் என்று வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் சொன்னதாகப் பிறகு தெரியவந்தது. இந்தியக் கால்பந்துக்குத் தமிழ்நாட்டின் அண்மைக்காலப் பங்களிப்பாக இதையும் பதிவு செய்துகொள்ளலாம். போலியென்று தெரிவதற்குள், செலவு கட்டுப்படியாகாது என்ற முடிவு வந்துவிட்டதுதான் நிர்வாகத் திறன்.

ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். அவர் வந்தவுடன் மத்திய ஆசியப் போட்டியில் ஓமானை பெனால்டியில் வென்று அணி மூன்றாம் இடம் பிடித்தது. அந்த ஒரு மாதம் ரசிகர்கள் தவறான நம்பிக்கைக்கு ஆளானார்கள். அக்டோபரில் அது சரிசெய்யப்பட்டது.

டாக்கா ஆட்டத்தில் மிகச் சிறப்பாக விளையாடியது காகிதம். பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், தாய்வழியில் இந்திய வேர் உள்ளவர், ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்தியக் குடிமகனானார். சேத்ரியின் கையால் அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, படம் நன்றாகவே வந்தது. அணியோடு அவர் டாக்காவுக்கும் போனார். ஆடவில்லை. ஆஸ்திரேலிய அமைப்பிடமிருந்து வரவேண்டிய தடையில்லாச் சான்று வந்து சேரவில்லை. ஒரு மனிதர் தன் நாட்டையே மாற்றிக்கொண்டார். ஒரு சான்றிதழ் மேசை மாறவில்லை. எதிரே ஆடிய ஹம்சா சௌத்ரி இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். வங்கதேசச் சங்கம் அவருக்கான ஃபிஃபா அனுமதியை 2024 டிசம்பரிலேயே வாங்கி வைத்துவிட்டது. சாங்டேயின் பந்தை முட்டி வெளியேற்றிய தலை சட்டப்படி களத்தில் இருந்தது. அந்தத் தலையைத் தாண்டி கோல் அடித்திருக்கக்கூடிய கால் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தது.

இந்த ஆட்டத்துக்கு அணி எப்படித் தயாரானது என்பதைச் சொல்லாமல் தோல்வியின் வரலாறு நிறைவு பெறாது. நாட்டின் தலைமை லீக்கான ஐ.எஸ்.எல். ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. லீக்கை நடத்தும் வணிக உரிமை ஒப்பந்தம் 2010இல் 15 ஆண்டுக்குக் கையெழுத்தானது. அதன் ஆயுள் 2025 டிசம்பர் 8 வரை. சம்மேளன விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தம் போட முடியவில்லை என்பது தரப்பட்ட விளக்கம். அந்த வழக்கு 2017இலிருந்து நடந்தது. நடுவில் 2022 ஆகஸ்டில் ஃபிஃபா சில நாள் தடையே விதித்துப் பார்த்தது. கடைசியில் செப்டம்பரில் தீர்ப்பு வந்து, அக்டோபரில் டெண்டர் விடப்பட்டது. நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது வந்திருந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை பூஜ்யம். சாவி பெயரில்கூட ஒன்று வரவில்லை.

15 ஆண்டு ஒப்பந்தம் 15ஆவது ஆண்டில் முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எந்த ஜோதிடரும் தேவையில்லை. எத்தனையோ வீரர்களுக்கு எப்போது ஆட்டம், எங்கே ஆட்டம், சம்பளம் வருமா என்று தெரியவில்லை. லீக்கை எப்படியாவது தொடங்குங்கள் என்று தேசிய அணி வீரர்களே நவம்பரில் பகிரங்கமாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. 25 வயது முன்களக்காரருக்கு ஓர் ஆண்டு போனால் போனதுதான். அது எந்த மேல்முறையீட்டிலும் திரும்பி வராது. அப்படி மாதக்கணக்கில் லீக் ஆட்டமே இல்லாமல் இருந்த கால்களை டாக்காவுக்கு அனுப்பிவிட்டு, தோற்றதும் பயிற்சியாளரையும் கோல்கீப்பரையும் முன்னால் நிறுத்துவது கோழைத்தனம். தோற்றது துவாரகா அலுவலகம். 11 பேர் அதன் சார்பில் களத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

மேற்கண்ட பத்தி இடம் மாறி வந்திருக்கலாம். தங்கள் சமூகம் அதைக் கருத்தில் கொள்ளாமல், ‘கோப்பில் வைக்கவும்’ என்று ஒரு குறிப்பெழுதினால் போதும். 2047க்குள் யாராவது அந்தக் கோப்பைத் திறப்பார்கள்.

தோல்விக்கு அடுத்த நாள் ஃபிஃபா தரவரிசை வெளியானது. இந்தியா 142ஆம் இடத்துக்கு வந்திருந்தது. 2023 ஜூலையில் இதே அணி 99ஆம் இடத்தில் இருந்தது. இரண்டேகால் ஆண்டில் 43 இடம். முன்னேற்றத்தை எந்தத் திசையில் அளக்க வேண்டும் என்று ஆவணத்தில் சொல்லப்படவில்லை என்பதால் இதையும் இலக்கை நோக்கிய பயணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனி ரசிகர்கள். இந்தியக் கால்பந்து ரசிகர் அரிதான இனம். வார இறுதியில் லிவர்பூலுக்கும் ரியல் மாட்ரிடுக்கும் கண்விழிப்பவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இங்கே குறிக்கப்படுபவர்கள் இந்தியா ஆடுவதைத் தெரிந்தே பார்ப்பவர்கள். ஷில்லாங்குக்கு விடுப்பெடுத்துப் போய் 0–0 பார்த்தவர்கள், நீலச் சட்டையோடு கோவாவின் மர்காவில் இறங்கி 1–2 பார்த்துவிட்டு இரவு ரயில் ஏறியவர்கள். நேரலை எந்தச் சேனலில், எந்தச் செயலியில் என்று ஆட்டம் தொடங்கும்வரை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருப்பது இவ்வினத்தின் அடையாளம். அலுவலகத்தில் மறுநாள் யாரும் இவர்களைக் கேலிகூடச் செய்வதில்லை, ஏனென்றால் ஆட்டம் நடந்ததே மற்றவர்களுக்குத் தெரியாது. கிரிக்கெட் அணி தோற்றால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். கால்பந்து அணி தோற்றால் தனியாக அழ வேண்டும்.

2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி ஹாட்ரிக் அடித்தார், இந்தியா 5–0 என்று வென்றது, ஆனால் இருக்கைகள் காலி. அதன் பிறகு சேத்ரி ஒரு காணொளியில், வந்து விமர்சியுங்கள், திட்டக்கூடச் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. ஆகவே இம்மனுவில் காணப்படும் சில சொற்களுக்கான அனுமதி அன்றைய அணித் தலைவரிடமிருந்தே முறைப்படி பெறப்பட்டது. இதற்குத் தனியாகத் தடையில்லாச் சான்று வேண்டியதில்லை.

மனுவின் வேண்டுதல்கள் பெரியவை அல்ல. உலகக் கோப்பை கேட்கப்படவில்லை. ஆசியாவின் முதல் நான்கில் ஓரிடமும் இப்போதைக்குக் கேட்கப்படவில்லை. லீக் எந்தத் தேதியில் தொடங்கும் என்று ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதி 2047க்கு முன்னதாக இருந்தால் நலம். வில்லியம்ஸின் சான்று எங்கே நிற்கிறது என்று யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்துக் கேட்க வேண்டும். அடுத்த ஒப்பந்தம் முடியும் நாளை அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். டாக்காவிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு, ஆட ஆட்டம் இல்லாவிட்டாலும், பயிற்சி செய்ய மைதானமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தகுதிச்சுற்றில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கியிருக்கிறது: 2026 மார்ச் 31, ஹாங்காங்குடன், சொந்த மண்ணில். அதனால் எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வருபவர்கள் வருவார்கள். ரயிலில் இடம் கிடைக்க இரண்டு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், ஆட்டம் எந்த ஊரில் என்பதைத் தங்கள் சமூகம் ஜனவரி இறுதிக்குள் தெரிவித்துவிட்டால் உதவியாக இருக்கும்.