எலியாருக்குக் கமிஷன் கொடுங்கள்

அனுப்புநர்: மாதாமாதம் டியூ கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொக்லைன் உரிமையாளர்.

பெறுநர்: சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்கள், பெயர் சொல்ல விரும்பாத பொக்லைன் கம்பெனி.

பொருள்: கம்பெனிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்த எலிக்குக் கமிஷன் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வண்டித் திரையில் மின்னிய பழுதுக் கோடு (எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9).

மதிப்பிற்குரிய ஐயா,

கண்மாய்க் கரையில் படுத்துவிட்ட என் வண்டிக்குத் தாங்கள் அனுப்பிய கொட்டேஷன் கிடைத்தது. கன்ட்ரோலர் ஒன்று, அதற்கு புரோகிராம் ஏற்றும் கூலி, இன்ஜினியர் வந்துபோன செலவு, எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி என்று வரிவரியாகப் போட்டிருந்தீர்கள். இந்த வியாபாரத்தைத் தங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவரின் பெயர் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அவர் ஓர் எலி. ஆபரேட்டர் சீட்டுக்கு அடியில் குடியிருக்கிறார்.

அன்று காலை இன்ஜின் ஓடியது. ஆனால் டயலை எவ்வளவு திருகினாலும் ஆர்பிஎம் ஏறவில்லை. பக்கெட்டில் மண்ணை அள்ளினால் பூம் முக்கி முனகியது. தங்கள் இன்ஜினியர் வந்தார், லேப்டாப்பைச் செருகினார், "ஒரு கன்ட்ரோலர் பேசமாட்டேங்குது சார், போயிடுச்சு" என்றார். ஒரு கப்ளரைக்கூடக் கழற்றவில்லை. வந்தபோது வெள்ளையாக இருந்த சட்டை, போகும்போதும் அப்படியே இருந்தது.

639 என்பது வண்டிக்குள் ஓடும் ஜே1939 நெட்வொர்க்கைக் குறிக்கும் எண். 9 என்றால், வரவேண்டிய செய்தி வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். யார் போய்விட்டார் என்று அந்தக் கோடு சொல்வதில்லை. கடிதம் வரவில்லை என்றதும் எழுதியவருக்குத் திவசம் கொடுத்துவிடும் தங்கள் சுறுசுறுப்பைக் கண்டு மலைக்கிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படையான கேன் முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்தியது. சென்சாருக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று என்று ஒயர் இழுத்து மாளாமல், முறுக்கிய இரண்டே ஒயரில் எல்லாக் கன்ட்ரோலர்களும் பேசிக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. ஜே1939இல் வழக்கமாக மஞ்சள் ஒயர் ஹை, பச்சை ஒயர் லோ. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர். உலகத்துக்கே தெரிந்த இந்தச் சங்கதி, காசு கொடுத்து வாங்கிய என் வண்டியில் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் பரம ரகசியமாகக் காத்துவருகிறீர்கள். வரைபடம் கேட்டால், "அது டீலருக்கு மட்டும்."

தங்கள் ஆள் போன பிறகு எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். அவரிடம் லேப்டாப் இல்லை, மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒன்பது பின் சோதனைக் கப்ளரில் சி பின்னிலும் டி பின்னிலும் மீட்டரை வைத்தார். இரண்டு 120 ஓம் இணையாக நின்றால் 60 காட்ட வேண்டும். 120 காட்டியது. ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டர் வரை லைன் போய்ச் சேரவில்லை, நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டியிருந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சரியாக 60 காட்டியும் கோளாறு தீராவிட்டால், கன்ட்ரோலர் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது லைன் சீராகிறது என்று பார்க்கலாம். கன்ட்ரோலர் மேல் சந்தேகப்படும் முறை அதற்கப்புறம்தான் வருகிறது. தாங்கள் அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டீர்கள்.

சீட்டைத் தூக்கினோம். ஒயர்களை மூடிய நெளிகுழாயில் ஓர் ஓட்டை. உள்ளே மஞ்சள் ஒயர் கடிபட்டு, செம்பு இழைகள் களிம்பேறிக் கிடந்தன. பச்சை ஒயரில் பல் படவில்லை. பக்கத்தில் முறுக்குத் துணுக்குகள். எலக்ட்ரீஷியன் நுனியைச் சுரண்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடி இரண்டையும் முறுக்கிவிட்டார். மீட்டர் 60 காட்டியது. டயலைத் திருகினோம், ஆர்பிஎம் ஏறியது.

எலி கடித்தது ஒரு விரற்கடை ஒயர். அதை ஒரு முழுக் கன்ட்ரோலராக வளர்த்தெடுத்தது தாங்கள். பங்கை எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்வது என்பதைத் தாங்களும் எலியாரும் பேசி முடிவு செய்யலாம். பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டில் வெல்டிங் அடிப்பவர், கப்ளர் மேலேயே பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸ்காரர் ஆகியோரும் கம்பெனிக்காக ஊதியமின்றி உழைக்கிறார்கள். அவர்களையும் ஏஜென்டுகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அரசாங்கமாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிகாண மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. கட்டுமான இயந்திரம் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. மிக்சிக்காரருக்காக யோசித்தவர்கள், கடன்பட்டு பொக்லைன் வாங்கியவனைக் கம்பெனியின் கருணைக்கே விட்டுவிட்டார்கள் போலும்.

கமிஷன் தர மனமில்லையென்றால் மாற்று ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டியோடு ஒயரிங் வரைபடம், கோடு பட்டியல், எந்தக் கப்ளரில் எத்தனை ஓம், எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற விவரம் இவற்றைத் தாருங்கள். எலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்.

நகல்: புதிதாக பொக்லைன் வாங்கப்போகும் அனைவருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், வரைபடமும் கோடு பட்டியலும் தருவதாகக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வண்டி வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.