தோல்வியே முதல் படியா?

கோலாலம்பூர் ஸ்டார்ட்அப் மேடைகளில் தவறாமல் ஓதப்படும் வேதம், வாடகைக் கார் செயலியான கிராப். 2012-இல் இங்கே 'மைடெக்சி'யாகப் பிறந்தது. வளர்ந்ததும் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. உள்ளூரிலேயே சாதிக்கலாம் என்பதற்கு நாம் காட்டும் உதாரணம் இதுதான்!

அதே மேடைகளில் தோல்வியே முதல் படி என்கிறார்கள். கிராப்பின் இணை நிறுவனர் ஆண்டனி டானின் தாத்தா, நிசான் கார்களை விற்ற டான் சொங் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்ற படியை மட்டும் தாண்டிவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரரையும், கிள்ளான் பூக்கடை அக்காவையும் யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. முதலீட்டாளர் பணம் இல்லாமல் லாபம் பார்ப்பவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

தம்பிகளே, தங்கைகளே, கூட்டங்களுக்குப் போங்கள், குறிப்பெடுங்கள். கடைசியில் கையைத் தூக்கி ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஐயா, உங்கள் தாத்தா என்ன தொழில் செய்தார்?"