70 கொண்டை ஊசி வளைவும் 280 பைட்டும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சோளக்காடு வந்து இறங்குகிறவர்கள் இவற்றைப் பெரும்பாலும் வாந்தியால் அளக்கிறார்கள். பைட்டால் அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைவுக்கு மூன்று விவரம் போதும். முதலில் வளைவின் எண்; 255 வரை கொள்ளும் யு8 என்ற எண்வகை தாராளம், 1 பைட். அடுத்து, இதுவரை கடந்த வண்டிகள். யு32, 4 பைட். கடைசியாகக் கடல்மட்ட உயரம், மீட்டரில். யு16, 2 பைட். கூட்டினால் 7. பள்ளிக்கூடக் கணக்கு இதோடு முடிகிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

நினைவகத்தை ஒரு பஸ் என்று கொள்க. இருக்கைகள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். யு8 எங்கேயும் உட்காரும். யு16 இரட்டைப்படை இருக்கையில்தான் உட்காரும். யு32-க்கு நான்கால் வகுபடும் இருக்கை வேண்டும். இதற்கு அலைன்மென்ட் என்று பெயர். சோளக்காட்டுச் சந்தை முடிந்து கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: பலாப்பழம் கண்ட இடத்தில் உட்காராது.

எழுதிய வரிசையிலேயே ஏற்றுவது சி மொழியின் வழக்கம். எண் 0-இல். வண்டிக் கணக்கு 4-இல். நடுவே 1, 2, 3 காலி. உயரம் 8, 9-இல். மொத்த அளவு மிகப் பெரிய அலைன்மென்டால் வகுபட வேண்டும் என்பதால் 10, 11-உம் காலி. ஆக 12 பைட். அந்தக் காலி இடத்துக்குப் பேடிங் என்று பெயர். தமிழில் துண்டு போட்டு வைத்த சீட்டு. துண்டுக்குரியவர் கடைசிவரை வருவதில்லை.

ரஸ்ட் வரிசையைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும். 2017-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து இப்படி. பெரியதை முன்னே விட்டால் வண்டிக் கணக்கு 0-இல், உயரம் 4-இல், எண் 6-இல், ஒரே ஒரு துண்டு 7-இல். மொத்தம் 8.

இந்த உத்தி இம்மலைக்குப் புதிதல்ல. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துச் சென்றதாகப் புறநானூறு 152-இல் வன்பரணர் பாடுகிறார். பெரியது முதலில், சிறியது கடைசியில். மானும் பன்றியும் முன்பின்னாக இருக்கலாமே என்பார்க்கு விடை: ஏறக்குறைய சம எடையுள்ளவை எந்த வரிசையில் நின்றாலும் பேடிங் அதிகரிக்காது.

துண்டே கூடாது என்பவர்களுக்கு ‘பேக்டு’ என்றொரு குறிப்பு உண்டு. அளவு 7-க்கு இறங்கும். ஆனால் இடம் தவறி உட்கார்ந்த யு32-ஐச் சுட்டி ஒரு ரெஃபரன்ஸ் கேட்டால் கம்பைலர் தர மறுக்கும்.

இனி மொத்தம். 70 வளைவுக்கு சி வழியில் 840, ரஸ்ட் வழியில் 560. மிச்சம் 280 பைட். யுடிஎஃப்-8 முறையில் ‘சோளக்காடு’ 27 பைட். நடுவே இடைவெளி விட்டுப் பத்து முறை எழுதினால் 279. மிஞ்சுவது ஒரு பைட்; முற்றுப்புள்ளிக்குச் சரியாக இருக்கும்.