மகா திட்டம் 2041 அவர்களின் சந்நிதானத்துக்கு ஒரு விண்ணப்பம்

டில்லி மாநகரத்தின் வருங்காலச் சக்கரவர்த்தியும், இன்னும் அவதரிக்காமலே எங்களை ஆண்டுகொண்டிருக்கும் அபூர்வப் பெருமையுடையவருமான மாஸ்டர் பிளான் 2041 அவர்களின் திவ்ய சந்நிதானத்துக்கு, தெற்கு டில்லியில் ஒரு சமூக மையத்தைச் சுற்றிக் குடியிருக்கும் பிரஜைகள் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

அந்த மையத்துக் கடைத்தொகுதியின் சீர்கேட்டைக் குறித்து அக்கம்பக்கத்தார் கையொப்பமிட்ட மனுவொன்றை ஏந்திக்கொண்டு, சென்ற வாரம் ஓர் அலுவலகத்தின் படியேறினோம். அலுவலகத்தின் பெயர் எதற்கு? எல்லா அலுவலகங்களிலும் தங்கள் திருநாமந்தானே ஜபிக்கப்படுகிறது! அங்கே வீற்றிருந்த உத்தியோகஸ்தர் மனுவைக் கையால் தீண்டாமலே அருள்வாக்குச் சொன்னார்: "ஆட்சேபணை என்றால் 2021 ஆகஸ்டுக்குள் கொடுத்திருக்க வேண்டும், கோரிக்கை என்றால் புதிய திட்டம் அரசிதழில் வந்த பிறகு கொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் மனு வாங்க விதியில்லை." எங்களுள் மூத்தவரான, எண்பது பிராயத்து மாமி, "நடுவில் உயிரோடு இருப்பதற்காவது விதியுண்டா, பையா?" என்று தம்முடைய கரோல் பாக் ஹிந்தியில் கேட்டார். அதற்கு வேறு அறை என்று பதில் வந்தது.

இதனால் எங்களுக்குத் தங்கள் மீது மனத்தாங்கல் என்று நினைத்துவிடலாகாது. தாமதம் தங்கள் குலதர்மம் என்பதை நாங்கள் அறிவோம். தங்கள் வம்சத்து முதல் அவதாரம் 1962இல் நிகழ்ந்து 1981 வரைக்குமான டில்லியை வகுத்துரைத்தது. 2001ஐப் பெயரில் தாங்கிய இரண்டாம் அவதாரமோ, 1981இல் பிறந்திருக்க வேண்டியது, ஒன்பதாண்டுக் காலம் கோப்புகளின் கர்ப்பத்தில் யோகநித்திரை செய்து 1990இல்தான் கண் திறந்தது. மூன்றாம் அவதாரமான 2021, உச்ச நீதிமன்றத்தின் கட்டளையால் நகரமெங்கும் கடைகளுக்கு ஸீல் வைக்கப்பட்டு வியாபாரிகள் தெருவுக்கு வந்த பிற்பாடு, 2007 பிப்ரவரியில் சாவகாசமாக எழுந்தருளியது. பகவானுடைய அவதாரங்கள் தர்மம் குன்றும்போது நிகழ்வன; தங்களுடையவை தர்மம் குன்றி, அந்தக் குன்றலுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்த பிறகு நிகழ்வன என்பதே வித்தியாசம்.

நான்காவது அவதாரமாகிய தாங்களும் குலப்பெருமைக்குக் குறை வைக்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலையில் இந்த நகரம் பிராணவாயுவுக்கும் சிதையூட்ட இடத்துக்கும் அலைந்து ஓய்ந்த மறுமாதமே, 2021 ஜூனில், தங்கள் வரைவு வெளியாகி ஜனங்களின் அபிப்பிராயம் கோரப்பட்டது. அந்தத் துக்கத்திலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபணைகளும் யோசனைகளும் வந்து குவிந்தன. 2023 பிப்ரவரியில் டில்லி வளர்ச்சி ஆணையம் தங்களுக்கு ஒப்புதல் அளித்து மத்திய அமைச்சகத்துக்கு அனுப்பிவைத்ததாகப் பத்திரிகைகளில் படித்துப் பூரித்தோம். இருபதாண்டு ஆயுளுடைய ஒருவர் தம் ஆயுளின் கணிசமான பங்கைக் கர்ப்பவாசத்திலேயே கழிப்பது, ஜனங்களுக்குப் பொறுமையைப் போதிக்கும் பொருட்டே என்று ஆறுதல் கொண்டோம்.

கன்னாட் பிளேஸைப் பார்த்தும் ஆறுதல் கொண்டோம். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அதைப் புதுப்பிக்கப் புகுந்தவர்கள், விளையாட வந்தவர்கள் ஊர் திரும்பி ஆண்டுகள் கழிந்த பிறகன்றோ தோண்டிய பள்ளங்களை மூடினார்கள்! நேரு பிளேஸும் பிக்காஜி காமா பிளேஸும் தங்கள் முன்னோர் வகுத்த மாவட்ட மையங்கள். மேல்தளத்தில் கோடிகள் புரள, கீழே நடைமேடையில் தூண்கள், படிகள், தொங்கும் மின்கம்பிகள் இவற்றினூடே ஜனங்கள் புகுந்து வெளிப்படும் லாவகத்தைக் கண்டால், சக்கரவியூகத்தை உடைக்கத் தெரிந்த அபிமன்யுவும் வெளியேறும் வழி கேட்டு நிற்பான்.

ஆனால் மகாப் பிரபுவே, நாங்கள் கேட்டவை எவை? மாவட்ட மையமல்ல, மெட்ரோவல்ல. சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை; வாய் பிளந்து கிடக்கும் சாக்கடைக்கு ஒரு மூடி; கார்கள் விழுங்கிவிட்ட நடைபாதையில் நடப்பதற்குச் சிறிதளவு இடம்; பெண்களுக்குப் பூட்டப்படாத ஒரு கழிப்பறை. காய்கறி வாங்கப் புறப்படும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்படுகிறார்கள். டில்லியின் மே மாதத்தில், இந்தத் தேசத்தின் தலைநகரில், பாராளுமன்றத்துக்குச் சில மைல் தொலைவில்! ஒரு பூட்டைத் திறப்பதற்கு எந்த மகா திட்டமும் வேண்டியதில்லை. ஒரு சாவியும் கொஞ்சம் வெட்கமும் இருந்தால் போதும். சாவி உத்தியோகஸ்தர்களிடந்தான் இருக்கிறது. செய்ய மனமில்லாதவர்கள், பிறக்காத ஒருவரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். இது நிர்வாகமல்ல, மோசடி.

க்ஷமிக்க வேண்டும், உஷ்ணம் மிகுந்துவிட்டது. தங்கள் மகிமையைத் தொடர்கிறோம். தாங்கள் அவதரிக்காத நிலையிலும் சில காரியங்கள் அசாத்திய வேகத்தில் நடப்பதுண்டு. அவை மட்டும் தங்கள் வரவுக்குக் காத்திருப்பதில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலான ஏழு சர்க்கார் காலனிகளை இடித்து அடுக்குமாடிகளும் வர்த்தக வளாகங்களும் எழுப்பும் பொருட்டு, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டத் தலைப்பட்டபோது எவரும் யாதொரு அவதாரத்துக்காகவும் தாமதிக்கவில்லை. 2018 ஜூனில் அங்குள்ள ஜனங்கள் சாலையில் இறங்கி, மரங்களைக் கட்டித் தழுவி நின்றார்கள். உயர் நீதிமன்றமும் வெட்டுக்குத் தடை விதித்தது. நடுவில் மனு வாங்க விதியில்லை என்று மரங்களிடம் எவரும் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அவற்றின் சார்பில் மனுவோடு வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள்.

ஆகையால் தங்கள் பிரஜைகளாகிய நாங்கள் ஏகமனதாகத் தீர்மானித்திருப்பது யாதெனில்: வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தாப் பணத்தில் ஒரு கொத்தனாரை அமர்த்தி, சாக்கடைக்கு மூடியும் படிக்கட்டுக்குச் சரிவும் நாங்களே போட்டுக்கொள்ளப் போகிறோம், பத்திரிகைக்காரர்களையும் அழைத்திருக்கிறோம், கழிப்பறைப் பூட்டின் முன்னால் மாமி நாற்காலி போட்டு, சாவி வரும் வரையில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்திருக்கிறார். இது நில உபயோக விதி மீறல் என்று தோன்றினால், தாங்கள் பிறந்தவுடன் முறைப்படி எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். மூன்று பிரதிகள் போதும்.

இங்ஙனம்,
மூன்றாம் அவதாரத்தின் கடைசிக் காலத்தில் காலந்தள்ளும்
தங்கள் விசுவாசமுள்ள பிரஜைகள்