நிலாக் கடலில் எத்தனை ஆள் ஆழம்?

1651ல் இத்தாலியின் பொலோனியாவில் ரிச்சியோலி என்ற பாதிரியார் நிலாவுக்கு மேப் போட்டார். கறுப்பாகத் தெரிந்த சமவெளிகளுக்கெல்லாம் மழைக் கடல், அமைதிக் கடல், புயல் பெருங்கடல் என்று பெயர். அங்கே மனுஷர் யாரும் குடியில்லை என்று மேப்பிலேயே எழுதிவைத்தவர், ஒரு பள்ளத்துக்குத் தன் பெயரையும் பக்கத்துப் பள்ளத்துக்கு உதவியாளர் கிரிமால்டி பெயரையும் வைத்துவிட்டார். ஆளில்லாத ஊரில் பட்டா போடுவது சுலபம்!

சரி, கடலில் தண்ணீர்? ஒரு சொட்டு கிடையாது. 'தூசுதான் ரொம்பிக் கிடக்கிறது' என்றார் வானியலாளர் தாமஸ் கோல்ட், 1955ல். ஏப்பைசாப்பை ஆளில்லை; பிற்பாடு பல்சார் என்ற விண்மீன்கள் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரியாகப் போனது. இறங்கும் விண்கலம் அப்படியே அமுங்கிவிட்டால் என்று பலர் வயிற்றில் புளி கரைந்தது. 1966 ஜூனில் சர்வேயர்-1 விண்கலம் புயல் பெருங்கடலில் காலை ஊன்றியது. கால் புதைந்ததா? புதைந்தது. சில சென்டிமீட்டர்!

அப்போலோ கொண்டுவந்த கற்கள், இந்தக் கடல்களெல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் என்று பஞ்சாயத்தை முடித்தன. அடுத்த பஞ்சாயத்து: எவ்வளவு தடிமன்?

ரெனே டி ஹோன் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு பிரமாதமான வழி சொன்னார். வெள்ளத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் ஆறடி என்று தெரியும். வெளியே இரண்டடி தெரிகிறது. அப்படியானால் தண்ணீர் நாலடி. நிலாவில் அந்த ஆள், லாவாவில் பாதி முழுகிய பழைய விண்கல் பள்ளத்தின் விளிம்பு. இத்தனை அகலப் பள்ளத்துக்கு இத்தனை உயர விளிம்பு என்று கணக்கு உண்டு. கழித்துப் பார்த்தார்: பல இடங்களில் சில நூறு மீட்டர்.

1978ல் ஹோர்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் வந்தார். கட்டுரைத் தலைப்பே 'நிலா பசால்ட் எவ்வளவு தடிமன்?' என்று அதட்டல். அவர் வாதம் இது: லாவா வந்தபோதே அந்தப் பள்ளங்கள் அடிபட்டுத் தேய்ந்த கிழங்கள். தண்ணீரில் நிற்பவர் கூன் விழுந்த தாத்தா. நீங்களோ கல்யாண ஃபோட்டோ உயரத்தை வைத்துக் கழிக்கிறீர்கள்! இன்னொரு சங்கடமும் உண்டு. தலை முழுகிப் போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

கிரெயில் என்ற இரட்டை விண்கலங்கள் 2012ல் நிலாவின் ஈர்ப்பையே எடை போட்டன. அந்தக் கணக்கு 2016ல் வெளிவந்தது: நமக்குத் தெரியும் முகத்தின் மேற்குப் பாதியில் பசால்ட் தடிமன் சராசரி 740 மீட்டர். 1,620 வரைக்கும்கூட இருக்கலாமாம். ஆட்டோ மீட்டரே தேவலை!

இதுவரை அங்கே மனிதன் போட்ட ஆழமான துளை, அப்போலோ 17 வீரர்கள் போட்டது: சுமார் மூன்று மீட்டர்.