ஆண்மகன் யார்?

என் மனைவியின் ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் மிகுதி என்று வந்திருக்கிறது, தைராய்டும் மிகுதியாம். இனி எங்கள் வீட்டில் ஆண்மகன் யார், ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத கணவர்

கிருகத்தின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய ரத்தப் பரிசோதனை வரையில் காத்திருந்த தங்கள் பொறுமையை என்னென்பது! தைராய்டு உக்கிரம் கொள்ளும்போது, பாலின ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரலானது அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்து ரத்தத்தில் விட, அதன் பிடியில் அகப்பட்ட டெஸ்டோஸ்டிரோன், மாமியாரின் பெட்டியிலுள்ள நகையைப் போலக் கணக்கில் உண்டு, கழுத்தில் இல்லை. சுதந்திரமாகச் சஞ்சரித்து வேலை செய்வது சாதாரண காலத்திலேயே நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஏறினாலும், அப்படிச் சுதந்திரமாய் உலவுவதன் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. தைராய்டு மந்தமானால் புரதம் குறைந்து, மொத்தமும் இறங்கிக் காட்டும். ஆகவே முதலில் தைராய்டுக்குச் சிகிச்சை நடக்கட்டும்.

கர்ப்ப காலத்திலோ விஷயம் தலைகீழ். ஈஸ்ட்ரோஜன் பெருகுவதால் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் மிகுந்து, மொத்தத் தைராக்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அது நோயன்று. அப்படியொரு சீட்டு வந்தால் எனக்கு எழுதாதீர்கள்; தொட்டில் வாங்குங்கள்.